செயற்கைச் செல் சவ்வு: உருவாக்கமும் அளவீடும் தானியக்கமான வரலாறு

செயற்கைச் செல் சவ்வு என்பது உயிருள்ள செல்லைச் சூழ்ந்திருக்கும் சவ்வின் அடிப்படை அமைப்பை ஆய்வகத்தில் தனியே உருவாக்கிப் பெறும் மெல்லிய படலமாகும். இது பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு எனப்படும் கொழுப்புவகை மூலக்கூறுகளால் ஆனது. தடிமன் ஏறத்தாழ 4 முதல் 5 நானோ மீட்டர் வரை மட்டுமே. ஒரு தலைமுடியின் தடிமனில் இத்தகைய சவ்வுகளைப் பத்தாயிரத்துக்கும் மேலாக அடுக்கிவிடலாம்.

செல்லின் உள்ளே செல்வதும் வெளியே வருவதும் சவ்வில் பதிந்துள்ள புரதங்களால் முறைப்படுத்தப்படுகின்றன. இதயத் துடிப்பு, நரம்புச் செய்தி, தசைச் சுருக்கம் ஆகிய அனைத்துக்கும் இப்புரத வாயில்களே அடிப்படை. உயிருள்ள செல்லில் பல்லாயிரம் புரதங்கள் ஒரே நேரத்தில் இயங்குவதால் ஒன்றை மட்டும் பிரித்து ஆராய்வது கடினம். செயற்கைச் சவ்வில் ஒரே ஒரு வகைப் புரதத்தை வைத்து, அதன் செயலை மட்டும் அளக்க முடியும். ஆனால் இச்சவ்வை உருவாக்குவது நெடுங்காலம் கைத்திறனை நம்பியே இருந்தது. அந்தக் கைவேலை கருவிகளிடம் மாறியதையே தானியக்கம் என்கிறோம்.

சவ்வு உருவாகும் விதம்

பாஸ்போலிப்பிடு மூலக்கூறுக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை நீரை விரும்பும். வால்கள் நீரை வெறுக்கும். இம்மூலக்கூறுகளை நீரில் இட்டால், வால்கள் நீரிலிருந்து ஒதுங்கி ஒன்றையொன்று நோக்கித் திரும்பும். தலைகள் இருபுறமும் நீரை நோக்கி நிற்கும். இவ்வாறு அமைவதே ஈரடுக்கு. யாரும் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. மூலக்கூறுகள் தாமாகவே அடுக்கிக்கொள்கின்றன.

சவ்வு ஈரடுக்காக இருக்கலாம் என்பதை 1925-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் ஆகிய இருவரும் முதலில் கூறினர். சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த லிப்பிடுகளை நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினர். அது அடைத்த பரப்பு, அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்காக இருந்தது. அவர்கள் லிப்பிடு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை. அணுக்களின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் சரியான விடை கிடைத்தது என்று பின்னர் தெரியவந்தது.

கையால் செய்த காலம்

1962-இல் அமெரிக்காவில் முல்லர், ருடின், டியென், வெஸ்காட் ஆகியோர் முதன்முதலாகத் தட்டையான செயற்கைச் சவ்வை உருவாக்கிக் காட்டினர். முறை எளிமையானது. உப்புநீர் நிரம்பிய தொட்டியை ஒரு நெகிழித் தடுப்பால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். தடுப்பில் ஒரு மில்லி மீட்டரோ அதற்கும் குறைவாகவோ விட்டமுள்ள துளை இருக்கும். எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பானில் லிப்பிடைக் கரைத்து, மெல்லிய தூரிகையால் அத்துளையின் மீது தடவ வேண்டும்.

முதலில் தடித்த எண்ணெய்ப் படலம் உருவாகும். எண்ணெய் ஓரங்களுக்கு வடிய வடிய, சோப்புக் குமிழியில் தோன்றுவதைப்போல் வானவில் நிறங்கள் தெரியும். இறுதியில் நிறங்கள் மறைந்து படலம் கறுப்பாகிவிடும். படலத்தின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் எதிரொளிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் அளவுக்குப் படலம் மெலிந்துவிட்டது என்பதே இதன் பொருள். ஆகவேதான் இதற்குக் கருப்பு லிப்பிடுப் படலம் என்ற பெயர் ஏற்பட்டது. 1972-இல் மோண்டல், முல்லர் இருவரும் நீர்ப்பரப்பில் மிதக்கும் இரண்டு ஒற்றை அடுக்குகளைத் துளையின் இருபுறமும் உயர்த்தி இணைக்கும் மற்றொரு முறையை வெளியிட்டனர். இதில் எண்ணெய் மிகக் குறைவாகவே எஞ்சும்.

இரு முறைகளிலும் குறைகள் இருந்தன. தூரிகையை எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு கரைசல் எடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். மேசை அதிர்ந்தால் சவ்வு கிழிந்துவிடும். பயிற்சி பெற்றவரும் சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும் முயன்று ஓரிரு நல்ல அளவீடுகளையே பெறுவார். ஒருவர் பெற்ற முடிவை மற்றவர் திரும்பப் பெறுவதும் எளிதன்று. சவ்வு தானாக உருவாகும் பொருள்தான். அதைச் சுற்றியிருந்த கைவேலையே நம்பகத்தன்மையைக் குறைத்தது.

சவ்வா, எண்ணெய்க் கறையா?

துளையை அடைத்துக்கொண்டிருப்பது உண்மையான ஈரடுக்கா, வெறும் எண்ணெயா என்பதைக் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. மின்னளவீடுதான் சொல்லும். எனவே உருவாக்கமும் அளவீடும் இரண்டு தனி வேலைகள் அல்ல. அளவீடே உருவாக்கம் வெற்றியா தோல்வியா என்று தீர்ப்பளிக்கிறது. தானியக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்து போதும்.

சவ்வின் இருபுறமும் உப்புநீர் உள்ளது. அது மின்சாரத்தைக் கடத்தும். நடுவிலுள்ள லிப்பிடு கடத்தாது. இரு கடத்திகளுக்கு இடையே ஒரு கடத்தாப் பொருள் இருந்தால் அது மின்தேக்கி என்பது பள்ளி இயற்பியல். மின்தேக்கியின் நடுப்பொருள் மெலிய மெலிய அதன் மின்தேக்குத் திறன் கூடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 100 மைக்ரோ மீட்டர் விட்டமுள்ள துளையில் உருவான சவ்வு 39 பிக்கோ ஃபாரடு காட்டுகிறது என்று கொள்வோம். துளையின் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோ ஃபாரடு வரும். லிப்பிடு வால்களின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 2.1. இதிலிருந்து கணக்கிட்டால் வால்பகுதியின் தடிமன் சுமார் 3.7 நானோ மீட்டர் எனக் கிடைக்கும். ஆக, அங்கே இருப்பது ஈரடுக்கே. அதே துளையில் ஒரு மைக்ரோ மீட்டர் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் இருந்திருந்தால், அதன் மின்தேக்குத் திறன் ஒரு பிக்கோ ஃபாரடுக்கும் கீழே போயிருக்கும். எளிய நுண்ணோக்கியால் காண முடியாத தடிமனை மின்சாரம் இவ்வாறு அளந்து சொல்கிறது.

இரண்டாவது அளவு மின்தடை. நல்ல சவ்வின் மின்தடை பல கிகா ஓம் இருக்கும். 10 கிகா ஓம் உள்ள சவ்வின் மீது 100 மில்லி வோல்ட் செலுத்தினால், ஓம் விதிப்படி கசியும் மின்னோட்டம் 10 பிக்கோ ஆம்பியர் மட்டுமே. மின்தடை திடீரென வீழ்ந்தால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, புரத வாயில் திறந்து மூடும்போது ஏற்படும் மின்னோட்டப் படிகள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் கிராமிசிடின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பொருள், சவ்வில் மிகச் சிறிய கால்வாயை அமைக்கிறது. செறிந்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 100 மில்லி வோல்ட்டில் ஒரு கால்வாய் வழியே ஏறத்தாழ 2 பிக்கோ ஆம்பியர் பாயும். மிகச் சிறியதாகத் தோன்றும் இம்மின்னோட்டம், நொடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட அயனிகள் கடந்து செல்வதைக் குறிக்கிறது. ஒரே மூலக்கூறின் செயலை நேரில் காணக்கூடிய அரிய சோதனைகளுள் இதுவும் ஒன்று.

கருவிகள் வந்த வழி

தானியக்கத்தின் முதல் படி, தூரிகையைக் கைவிட்டதாகும். 2006-இல் ஜப்பானில் ஷோஜி டகேயுச்சி குழுவினர், லிப்பிடு கலந்த எண்ணெய்க்குள் இரண்டு நீர்ப்பகுதிகளை ஒன்றையொன்று தொடச் செய்து சவ்வை உருவாக்கினர். எண்ணெயிலுள்ள நீர்த்துளி ஒவ்வொன்றையும் லிப்பிடு ஒற்றை அடுக்காகப் போர்த்திக்கொள்ளும். இரண்டு துளிகள் தொடும் இடத்தில் இரண்டு ஒற்றை அடுக்குகள் சேர்ந்து ஈரடுக்காகும். 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹேகன் பேலி குழுவினர் இத்தகைய துளிகளை வரிசையாகக் கோத்து, துளிகளுக்கிடையே மின்னோட்டம் பாயும் வலைப்பின்னல்களை அமைத்தனர். துளியை வைப்பதற்குக் கைத்திறன் தேவையில்லை. அளந்து துளியிடும் எந்திரம் போதும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஜேகப் ஷ்மிட் குழுவினர் இதைத் தொழிற்கூட வேலைபோல் மாற்ற முயன்றனர். 2008-இல் அவர்கள் வெளியிட்ட முறை சுவையானது. சவ்வை உருவாக்கும் முன்கரைசலை உறையவைத்து அனுப்பலாம்; சேரும் இடத்தில் அது உருகும்போது சவ்வு தானாக அமையும். அவர்கள் பயன்படுத்திய கரைப்பான்களுள் ஒன்றான ஹெக்ஸாடெக்கேன் சுமார் 18 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். ஓசூரின் மார்கழிக் காலைக் குளிர் அதற்குப் போதும். 2010-இல் அதே குழு, மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் துளிகளைக்கொண்டு, எந்திரத்தால் செய்யத்தக்க சவ்வு உருவாக்கத்தையும் அயனிக் கால்வாய் அளவீட்டையும் வெளியிட்டது.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் யான் பெரெண்ட்ஸ் குழுவினர் வேறு வழியில் சென்றனர். அவர்கள் ஒரு சிறு சில்லின் மீது 16 நுண்குழிகளை அமைத்து, ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு மின்வாயைப் பொருத்தினர். 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 16 குழிகளின் மீதும் லிப்பிடைத் தானாகவே பரப்பிக் காட்டினர். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைப்போல் ஒரே வீச்சில் எல்லாக் குழிகளும் மூடப்படுகின்றன.

உருண்டைச் சவ்வுகளுக்கும் இதே மாற்றம் வந்தது. உள்ளே நீரைக் கொண்ட லிப்பிடு உருண்டைக்கு லிப்போசோம் என்று பெயர். 2016-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சித்தார்த் தேஷ்பாண்டே உள்ளிட்டோர், நுண்பாய்மச் சில்லில் ஆக்டனால் என்ற ஆல்கஹாலைப் பயன்படுத்தி ஒரே அளவுள்ள லிப்போசோம்களைத் தொடர்ந்து உருவாக்கும் முறையை வெளியிட்டனர். ஆக்டனால் சில நிமிடங்களில் தானாகப் பிரிந்துவிட, தூய ஈரடுக்கு எஞ்சும்.

எந்திரம் முடிவெடுக்கும் முறை

தானியக்கக் கருவியின் பணி வரிசை பொதுவாக இவ்வாறு அமையும்.

1. துளையின் குறுக்கே முக்கோண வடிவில் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் செலுத்துதல். மின்தேக்கியில் மின்னோட்டம், மின்னழுத்தம் மாறும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே முக்கோண அலைக்குச் சதுர அலை மறுமொழியாக வரும். மேற்கூறிய 39 பிக்கோ ஃபாரடு சவ்வின் மீது மின்னழுத்தம் மில்லி நொடிக்கு 10 மில்லி வோல்ட் வீதம் மாறினால், சதுர அலையின் உயரம் 390 பிக்கோ ஆம்பியர்.

2. அந்த உயரத்திலிருந்து மின்தேக்குத் திறனைக் கணக்கிட்டு, அது எதிர்பார்த்த எல்லைக்குள் உள்ளதா என்று பார்த்தல். குறைவாக இருந்தால் எண்ணெய் இன்னும் வடியவில்லை; காத்திருக்க வேண்டும் அல்லது மீண்டும் பரப்ப வேண்டும்.

3. மின்தடையை அளந்து கசிவு உள்ளதா என்று சோதித்தல்.

4. இரண்டிலும் தேறிய சவ்வில் மட்டும் புரதத்தைச் சேர்த்து, மின்னோட்டப் படிகளைப் பதிவுசெய்தல்.

5. தேவைக்கு மேல் கால்வாய்கள் பதிந்துவிட்டாலோ, சவ்வு பழுதானாலோ, சில நூறு மில்லி வோல்ட் செலுத்தி அதைக் கிழித்துவிட்டு, புதிய சவ்வை உருவாக்குதல்.

இவ்வரிசையில் முக்கியமானது விரைவு அன்று. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் சவ்வு சோதிக்கப்பட்டது என்பதற்கு எண்வடிவில் சான்று எஞ்சுகிறது. கையால் செய்த காலத்தில் சவ்வு நன்றாக வந்தது என்பது செய்தவரின் அனுபவச் சொல். இப்போது அது எவரும் திரும்பப் பார்க்கத்தக்க பதிவு.

ஒரே நேரத்தில் பல குழிகள் தேவைப்படுவதற்கும் கணக்கு உண்டு. புரதம் சவ்வில் பதிவது தற்செயல் நிகழ்வு. சராசரியாகக் குழிக்கு ஒரு கால்வாய் பதியும்படி அமைத்தாலும், சரியாக ஒன்று மட்டும் பதிந்த குழிகள் சுமார் 37 விழுக்காடே இருக்கும்; இன்னொரு 37 விழுக்காடு காலியாகக் கிடக்கும்; எஞ்சியவற்றில் ஒன்றுக்கு மேல் இருக்கும். 16 குழிகளில் ஏறத்தாழ 6 குழிகள் மட்டுமே ஒற்றைக் கால்வாய் ஆய்வுக்கு உதவும். ஒரே துளையுள்ள பழைய தொட்டியில் ஒரு நாள் ஏன் வீணாயிற்று என்பதை இக்கணக்கு விளக்குகிறது.

உழவரின் பூஞ்சையும் பெங்களூரு ஆய்வும்

நாட்றாம்பாளையம் போன்ற கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிற்றூர்களில் நிலக்கடலை விதைப்போருக்கு டிரைக்கோடெர்மா விரிடி அறிமுகமான பெயர். வேரழுகலைத் தடுக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் விதைநேர்த்தி செய்யப் பரிந்துரைக்கப்படும் நன்மை செய்யும் பூஞ்சை இது. செயற்கைச் சவ்வு ஆய்வில் புகழ்பெற்ற அலமெதிசின் என்ற பொருளும் இந்தப் பூஞ்சையிலிருந்தே முதலில் பெறப்பட்டது.

அலமெதிசின் 20 அலகுகள் கொண்ட ஒரு சிறு பெப்டைடு. 1968-இல் முல்லரும் ருடினும் அதைச் செயற்கைச் சவ்வில் சேர்த்தபோது, குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டியதும் சவ்வு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கியது. நரம்புச் செல்லில் நடப்பதைப்போன்ற மின்துடிப்பை உயிரற்ற ஒரு படலம் காட்டியது. சுருள் வடிவ மூலக்கூறுகள் பீப்பாயின் பலகைகளைப்போல் வட்டமாகச் சேர்ந்து நடுவில் துளையை உண்டாக்குகின்றன. ஒரு பலகை கூடினால் மின்னோட்டம் ஒரு படி ஏறும், ஒன்று விலகினால் ஒரு படி இறங்கும்.

மின்னழுத்தம் இம்மூலக்கூறுகளை எவ்வாறு இயக்குகிறது என்ற கேள்விக்கு ஓசூருக்கு 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எம். கே. மேத்யூ, பி. பலராம் இருவரும் 1983-இல் அலமெதிசினுக்கும் அதுபோன்ற கால்வாய்களுக்கும் சுருள் இருமுனை மாதிரியை வெளியிட்டனர். சுருளின் ஒரு முனை சற்று நேர்மின் தன்மையும் மறுமுனை சற்று எதிர்மின் தன்மையும் கொண்டது. ஆகவே காந்தப்புலத்தில் காந்த ஊசி திரும்புவதைப்போல், மின்புலத்தில் சுருள் திசை மாறும் என்பது அதன் சாரம்.

இன்றும் அந்நகரில் இத்துறை தொடர்கிறது. 1948-இல் சர் சி. வி. ராமன் தொடங்கிய இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் லிப்பிடுச் சவ்வுகளின் அமைப்பும் நுண்துளைகள் வழியே மூலக்கூறுகள் செல்வதும் ஆராயப்படுகின்றன. இந்திய அறிவியல் கழகத்தில், பாக்டீரியா நச்சுப் புரதம் ஒன்று சவ்வில் துளையிடும் விதத்தைப் பல குழுக்கள் சேர்ந்து ஆய்ந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் சவ்வுகளின் வடிவ மாற்றங்கள் கணினி மாதிரிகளால் ஆராயப்பட்டன.

மருந்துப் பாதுகாப்பு

தானியக்கம் ஆய்வகத்தின் வசதிக்காக மட்டும் வேண்டப்பட்டதன்று. டெர்ஃபெனடின் என்பது ஒவ்வாமைக்கு உலகெங்கும் பயன்பட்ட மாத்திரை. சில நோயாளிகளுக்கு அது உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறை உண்டாக்கியது. இதயத் தசையின் ஹெர்க் எனப்படும் பொட்டாசியம் கால்வாயை அம்மருந்து அடைத்துவிடுவதே காரணம் என்று கண்டறியப்பட்டது. 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. அதன் பிறகு புதிய மருந்து எதுவாயினும், இந்தக் கால்வாயை அது அடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது நடைமுறையாயிற்று.

இத்தகைய சோதனைக்கு அடிப்படையான முறை பேட்ச் கிளாம்ப். உயிருள்ள செல்லின் சவ்வில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தி அளக்கும் இம்முறையை உருவாக்கியதற்காக எர்வின் நேயர், பெர்ட் சக்மன் இருவரும் 1991-இல் நோபல் பரிசு பெற்றனர். இதற்கும் தானியக்கக் கருவிகள் உள்ளன. எனினும் உயிருள்ள செல்களைத் தொடர்ந்து வளர்த்துப் பேணுவது செலவு மிக்கது. 2013-இல் ஷ்மிட் குழுவினர் ஹெர்க் கால்வாயைத் துளிச் சவ்வில் பதித்து, மருந்துகளுக்கு அது காட்டும் மறுமொழியை அளந்தனர். செல் வளர்ப்புக்கூடம் அருகில் இல்லாத இடத்திலும் இத்தகைய சோதனையைச் செய்ய இயலும் என்ற வாய்ப்பை அது காட்டியது.

டி.என்.ஏ.வைப் படிக்கும் சவ்வு

தானியங்கிச் சவ்வுகளின் மிகப் பரவலான பயன் டி.என்.ஏ. வரிசையைப் படிப்பதாகும். 1996-இல் கசியனோவிச், பிராண்டின், பிராண்டன், டீமர் ஆகியோர், செயற்கைச் சவ்வில் பதித்த ஒரு பாக்டீரியா நச்சுப் புரதத்தின் துளை வழியே ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இழைகளை மின்னழுத்தத்தால் இழுத்துச் செல்லலாம் என்று காட்டினர். இழை கடக்கும்போது துளை பகுதியளவு அடைபட்டு மின்னோட்டம் குறையும். அக்குறைவின் அளவிலிருந்து எழுத்து வரிசையை அறியலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது.

2014-இல் ஆய்வாளர்களின் கைக்கு வந்த மினியான் என்ற கருவியில் 512 அளவீட்டு வழிகள் உள்ளன. கருவி கைக்குள் அடங்கும். அதில் லிப்பிடுக்குப் பதிலாக, அதைவிட உறுதியான செயற்கைப் பலபடிச் சவ்வு பயன்படுகிறது. அளவீடு தொடங்கும் முன், எந்தெந்தத் துளை நல்ல நிலையில் உள்ளது என்று கருவி தானே சோதித்துக்கொள்ளும். 2020-இல் கர்நாடகத்தில் பரவிய கொரோனா வைரசின் மரபணு வரிசையைப் பெங்களூரு நிமான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் இத்தகைய நானோ துளை முறையில் படித்து, நோய் அம்மாநிலத்துக்குள் பலமுறை தனித்தனியே நுழைந்ததைக் காட்டினர்.

வரம்புகள்

செயற்கைச் சவ்வு செல்லுக்கு முழு மாற்று அன்று. உயிருள்ள சவ்வில் நூற்றுக்கணக்கான லிப்பிடு வகைகள் உள்ளன, உள்ளடுக்கும் வெளியடுக்கும் வேறுபட்டவை, கொலஸ்டிராலும் உண்டு. செயற்கைச் சவ்வில் பெரும்பாலும் ஓரிரு வகைகளே இருக்கும். எஞ்சிய எண்ணெய் சில புரதங்களின் செயலை மாற்றக்கூடும். புரதம் எந்தப் பக்கம் நோக்கிப் பதியும் என்பதையும் எப்போதும் கட்டுப்படுத்த முடிவதில்லை. பெரிய சவ்வுப் புரதங்களைச் செல்லிலிருந்து சிதையாமல் பிரித்தெடுப்பது இன்னும் கடினமான வேலையாகவே உள்ளது. சவ்வை உருவாக்கும் எந்திரம் அச்சிக்கலைத் தீர்க்காது. எந்திரம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் எண்களும், எல்லைகளை முதலில் வகுத்த மனிதரின் புரிதல் அளவுக்கே நம்பத்தக்கவை.

எனினும் 1962-இல் சிலரது விரல்நுனித் திறனாக இருந்த ஒன்று, இன்று வெவ்வேறு நாட்டு ஆய்வகங்கள் ஒரே அளவுகோலால் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சோதனையாகியுள்ளது. மின்தேக்கி, மின்தடை, ஓம் விதி ஆகிய மூன்றையும் அறிந்த மேல்நிலைப் பள்ளி மாணவர் எவரும் அச்சோதனையின் தீர்ப்பைத் தாமே சரிபார்க்க முடியும்.